ஏழு சீர் உனக்கு, எட்டுச் சீர் எனக்கு



ஆண்டு மலருக்குக் கட்டுரை என்றால் தலபுராணமோ தத்துவமோ எழுதுவது வழக்கம். இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் விடுகதையும் வேடிக்கைப் பேச்சும். "கோயில் மலரில் இதற்கென்ன இடம்?" என்று சிலர் கேட்கக்கூடும். நான் எழுதப்போவது கோயில் குளப்படியிலும் கோயில் சுவரிலும் பிறந்த வேடிக்கையைப் பற்றி. அதிலிருந்து நான் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றும் உண்டு.

பிசி என்னும் பழைய விளையாட்டு

இன்று நாம் விடுகதை என்பதைத் தொல்காப்பியர் 'பிசி' என்றார். பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் ஆகியவற்றோடு அதனையும் ஒரு வகையாக வைத்துச் செய்யுளியலில் இலக்கணம் கூறினார். ஒரு பொருளை அதற்கு ஒப்பான வேறொன்றாகச் சொல்லி மறைப்பது ஒரு முறை. அப்பொருளில் தோன்றுவதைச் சொல்லி இன்னதென்று துணிய வைப்பது மற்றொரு முறை.

எந்த முறையானாலும் விடுகதைக்கு இருவர் வேண்டும். தனித்திருப்பவன் பாட்டுப் பாடலாம். தனக்குத் தானே விடுகதை போட்டுக்கொள்ள முடியாது. போடுபவரிடம் ஒரு பாதி, விடுவிப்பவரிடம் ஒரு பாதி.

நானும் என் நண்பரும் வளர்ந்தது ரப்பர்த் தோட்டத்தில். மாலையில் லயத்து வாசலில் அமர்ந்து நாங்களே விடுகதை கட்டுவோம். "விடியுமுன் கீறினால் வெள்ளைக் கண்ணீர், வெயில் ஏறினால் வற்றும் கண்ணீர், அந்தக் கண்ணீரால் எங்கள் அடுப்பு எரியும். அது என்ன?" என்று ஒருநாள் அவர் கேட்டார். பால்மரம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேண்டுமென்றே "வெங்காயம்" என்றேன். "வெங்காயத்தைக் கீறினால் அழுவது நீயடா, வெங்காயமல்ல" என்று உடனே பதில் வந்தது. லயமே சிரித்தது. எங்கள் நட்பு அப்படி வளர்ந்தது.

இரட்டைப் புலவர்

இப்படி ஒருவர் தொடங்க மற்றவர் முடித்து, அதையே வாழ்க்கையாகக் கொண்ட இருவர் தமிழில் உண்டு. முதுசூரியர், இளஞ்சூரியர் என்னும் அவர்களை இரட்டையர் என்றும் இரட்டைப் புலவர் என்றும் கூறுவர். அத்தை மகனும் அம்மான் மகனுமாகிய இவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் நடவாது. கண் தெரியாதவர் தோளில் கால் நடவாதவர் ஏறிக்கொள்வார். மேலிருப்பவர் வழி சொல்வார், கீழிருப்பவர் நடப்பார். இவ்வாறே ஊர் ஊராகக் கோயில்களைத் தரிசித்துப் பாடினார்கள். தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகியவை அவர்கள் இயற்றிய நூல்கள். அவர்களுடைய தனிப்பாடல்களையும், அவை பிறந்த கதைகளையும் தமிழ்நாடு இன்றும் சொல்லி மகிழ்கிறது.

மதுரைக் கதை பலருக்கும் தெரிந்தது. பொற்றாமரைக் குளத்தில் துணி துவைக்கும்போது கை நழுவித் துணி நீரோடு போய்விட்டது. ஏழைப் புலவர்களுக்கு மாற்றுத் துணி ஏது? ஒருவர் அதை வைத்தே பாட்டைத் தொடங்கினார். துணியைத் துவைப்பதற்கும் 'தப்புதல்' என்று பெயர். பிடியிலிருந்து நழுவிப் போவதற்கும் 'தப்புதல்' என்று பெயர். ஓயாமல் நாம் அதைத் தப்பினால் அது நம்மைத் தப்பாதோ என்று அவர் கேட்டார். மற்றவர் தொடர்ந்தார். துணிக்குக் 'கலிங்கம்' என்றும் பெயர் உண்டு. இந்தக் கலிங்கம் போனால் போகட்டும், சொக்கலிங்கம் நமக்குத் துணை இருக்கிறான் என்று முடித்துவிட்டார். துணியும் போயிற்று, துயரமும் போயிற்று.

ஆங்கூர் என்னும் தலத்தில் பசியோடு நின்றார்கள். "சிவனே, நாங்கள் பட்டினி கிடப்பது நியாயமா?" என்னும் பொருளில் ஒருவர் முறையிட்டார். மற்றவர் அந்தச் சிவனே எரிச்சலோடு பதில் சொல்வதுபோல முடித்தார். போங்காணும், இங்கே சங்கும் முரசும் முழங்குவதைத்தான் கேட்கலாம், சோற்றைக் கண்டவர் யார் என்பது அந்தப் பதில்! வாத்தியம் முழங்கும் கோயிலில் சோறு இல்லை என்னும் குறையைக் கோபமின்றிச் சிரிக்க வைத்தே சொல்லிவிட்டார்கள்.

இதனை இறைவனைப் பழிப்பதாகக் கொள்ளலாகாது. சுந்தரமூர்த்தி நாயனார் தம்பிரான் தோழர். இறைவனைத் தோழனாகக் கொள்ளும் நெறி சைவத்தில் சகமார்க்கம் எனப்படும். தோழனிடம் கேலி பேசலாம். இரட்டைப் புலவரின் விளையாட்டில் மூன்றாவது தோழன் அந்தச் சிவபெருமான்.

தனிச்சொல்லின் இரகசியம்

இப்பாடல்களின் அமைப்பை நாம் கவனிக்க வேண்டும். இவை நேரிசை வெண்பாக்கள். வெண்பாவின் முதல் 3 அடிகளில் நான்கு நான்கு சீர்களும், ஈற்றடியில் 3 சீர்களும் வரும். மொத்தம் 15 சீர்கள். இரண்டாம் அடியின் நாலாம் சீருக்குத் 'தனிச்சொல்' என்று பெயர். அது முதல் இரண்டு அடிகளின் எதுகையோடு ஒத்து வர வேண்டும்.

மதுரைப் பாட்டிலும் ஆங்கூர்ப் பாட்டிலும் முதற்புலவர் 7 சீர்களோடு நிறுத்திக்கொள்கிறார். தனிச்சொல்லிலிருந்து மற்றவர் தொடங்குகிறார். அதாவது, இரண்டாமவர் வாய் திறக்கும் முதற்சொல்லே முன்னவர் வைத்த எதுகைக்குக் கட்டுப்பட்டது. அவர் எவ்வளவு பெரிய புலவரானாலும் தாம் நினைத்ததைச் சொல்லித் தொடங்க முடியாது. முன்னவரின் 7 சீர்களையும் காது கொடுத்துக் கேட்டால் மட்டுமே அவருடைய 8 சீர்களுக்கு இடமுண்டு. முன்னவரும் 15 சீர்களையும் தாமே பாடிவிடக் கூடாது. பாதியில் நிறுத்தி, 'நண்பன் முடிப்பான்' என்று நம்ப வேண்டும்.

திருவாரூர்ச் சுவர்

அந்த நம்பிக்கை ஒருமுறை கைகூடவில்லை. திருவாரூரில் சிவபெருமான் முப்புரம் எரித்ததைப் பாடத் தொடங்கினார்கள். அவருடைய வில்லின் நாண் நஞ்சுடைய பாம்பு. வில்லோ கல்லாகிய மேருமலை. அடுத்து அம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டு 5 சீர்களோடு நின்றுவிட்டது. இருவருக்கும் சொல் வரவில்லை. எழுதிய வரையில் கோயில் சுவரில் விட்டுவிட்டுப் போனார்கள்.

மீண்டும் ஒருமுறை வந்தபோது பாட்டு முடிந்திருக்கக் கண்டார்கள். அந்த அம்பை 'மண் தின்றது' என்று யாரோ எழுதியிருந்தார்கள். மண் அரித்துப்போன துருப்பிடித்த அம்பு என்பது ஒரு பொருள். மண்ணை உண்ட திருமாலே அம்பானார் என்பது மறுபொருள். நஞ்சேறிய நாண், கல் வில், துருப்பிடித்த அம்பு. இவற்றைக் கொண்டு பகைவர் கோட்டையை எப்படி எரித்தீர் என்று கேலியும் துதியும் ஒன்றாகிப் பாட்டு நிறைவு பெற்றிருந்தது.

எழுதியவர் கவி காளமேகம் என்று அறிந்ததும் அவரைக் காணத் திருவானைக்காவுக்கு விரைந்தார்கள். அங்கே அவர் உடல் சிதையில் எரிந்துகொண்டிருந்தது. அந்த ஒரு சொல்லைச் சொன்ன வாய் வேகின்றதே என்று இரட்டையர் கதறிப் பாடினார்கள்.

இரட்டையரை 14ஆம் நூற்றாண்டினர் என்றும், காளமேகத்தை 15ஆம் நூற்றாண்டினர் என்றும் ஆய்வாளர் பலர் கருதுவதால், இதனை வரலாறு என்று கொள்ளாமல் செவிவழிக் கதை என்று கொள்வதே பொருத்தம். எனினும் கதையின் உட்பொருள் மெய்யானது. முகம் காணாத ஒருவர் தம் பாட்டின் மறுபாதியை வைத்திருந்தார் என்பதற்காகவே அவர்கள் அழுதார்கள்.

நான் கற்ற பாடம்

இனி என் நண்பருக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இனிப்புநீர் வியாதியால் அவருக்குக் கண்பார்வை போய்விட்டது. வெள்ளிக்கிழமை தோறும் நானே அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். கையைப் பிடித்துக்கொள்வேன். அர்ச்சனைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டால், அவர் வாய் திறக்குமுன் நான் சொல்லிவிடுவேன். அன்னதானத்தில் "அவருக்கு ரசம் வேண்டாம், மோர் ஊற்றுங்கள்" என்பேன். பிறரும் அவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். நான் பெரிய தொண்டு செய்வதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதம் அவர் வர மறுத்தார். "உனக்கு ஏன் வீண் சிரமம்?" என்றார். மனச்சோர்வு என்று நினைத்து நான் விடாமல் வற்புறுத்தினேன். கடைசியில் அவர் சொன்னார்: "டேய், எனக்குக் கண்தான் போயிற்று. நட்சத்திரம் போகவில்லை."

அன்று நான் பதில் பேசாமல் வீடு திரும்பினேன். அவர் சொன்னதன் பொருள் எனக்கு விளங்கியது சில வாரங்கள் கழித்து, எங்கள் கோயில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்காக இரட்டைப் புலவர் பாடலைச் சீர் பிரித்துக்கொண்டிருந்தபோது. ஏழு, எட்டு என்று எண்ணியவன் அப்படியே நின்றேன். என் நண்பருக்கு நான் ஒரு சீரையும் விட்டு வைக்கவில்லை. பதினைந்தையும் நானே பாடிக்கொண்டிருந்தேன்! இரட்டையரில் தோள் கொடுத்தவர் கண் இல்லாதவர் என்பதை எத்தனையோ முறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதன் கருத்தை நான் உணரவில்லை.

மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். இரட்டையர் கதையையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தோளில் ஏறியவர் என்ன எடை இருப்பார்?" என்றார். தெரியாது என்றேன். "உன் எடை இருந்திருந்தால் முதல் ஊரிலேயே பாட்டு முடிந்திருக்கும்" என்றார். அவர் என்னோடு வர இசைந்துவிட்டார் என்று அதிலேயே தெரிந்துகொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டை அவரே நீட்டினார், நட்சத்திரத்தை அவரே சொன்னார். ரசமும் வாங்கிக் குடித்தார். வெளியே வந்து பார்த்தால் அவருடைய செருப்பில் ஒன்றைக் காணவில்லை. முன்போல் இருந்தால் நான் ஓடித் தேடி ஆரவாரம் செய்திருப்பேன். அன்று, "ஒற்றைச் செருப்பை மட்டும் எடுத்துப்போகிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் சற்று நேரம் யோசித்தார். "சந்தேகமே இல்லை, இரட்டையரில் நடக்க முடியாதவர்தான் வந்துபோயிருக்கிறார். ஒரு காலாவது தேறிவிட்டது போலிருக்கிறது, விடு" என்றார். நாங்கள் கோயில் வாசலில் நின்று சிரித்த சிரிப்பைப் பார்த்துச் சிறுவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

நமக்குரிய பயிற்சி

அறநிலையத்துக்குப் பொருளுதவி செய்யும் அன்பர்களுக்கும், தொண்டாற்றும் அன்பர்களுக்கும் இதிலிருந்து பணிவோடு சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

அன்னம் பரிமாறும்போது இலைக்கு முன் இருப்பவரிடமே "என்ன வேண்டும்?" என்று கேட்போம். உதவிநிதி பெறும் மாணவரிடம் எதைப் படிக்க விருப்பம் என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருப்போம். சக்கர நாற்காலியில் வருபவரைத் தள்ளுவதற்கு முன் எங்கே போக வேண்டும் என்று கேட்போம். முதியோர் இல்லத்துக்குச் செல்வோர் பழத்தட்டோடு ஒரு விடுகதையையும் கொண்டு செல்லலாம். நாம் போடும் விடுகதையை அவர்கள் விடுவிக்கட்டும். அவர்கள் போடுவதை நாம் விடுவிக்க முயல்வோம். அங்கே கொடுப்பவர், பெறுபவர் என்னும் வேறுபாடு மறைந்துவிடும்.

வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். பிள்ளைகளிடம் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, மீதியை அவர்களைச் சொல்ல விடுங்கள். எங்கள் ஞாயிறு வகுப்பில் இப்போது வாரந்தோறும் இது நடக்கிறது. இலக்கணம் என்றால் கொட்டாவி விட்ட பிள்ளைகள், தனிச்சொல் எங்கே வரும் என்று காத்திருக்கிறார்கள். என் நண்பர்தான் அவர்களுக்கு முதற்பாதியைக் கொடுக்கிறார். சில வேளைகளில் அவர்கள் தரும் மறுபாதி எங்கள் இருவருக்குமே தோன்றாததாக இருக்கும்.

நாம் கொடுக்கும் பொருள் முதல் ஏழு சீர்கள். அதைக் கொண்டு பிறர் தம் வாழ்வில் பாடப்போவது பின் எட்டுச் சீர்கள். இரண்டும் சேர்ந்து நல்ல வெண்பாவாக அமைய, தோழமைக்கு எளியவனாகிய சிவபெருமான் திருவருள் துணை நிற்பதாக.