விடுமுறைக்குப் புளியங்கொட்டை போதும்

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடம் மூடியதும் பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டி வீட்டில் வந்து இறங்குவார்கள். பல வீடுகளில் அவர்களோடு கடையில் வாங்கிய கைவேலைப் பெட்டி ஒன்றும் இறங்கும். மினுக்குத் தூளும் பசையும் அச்சுப்படி வெட்டிய அட்டைகளும் அதற்குள் இருக்கும். செய்முறைத் தாள் பொடி எழுத்தில் இருப்பதால், பாட்டி கண்ணாடியைத் தேடி எடுத்து வருவதற்குள் பிள்ளை பாதியை ஒட்டி முடித்திருப்பாள். அந்த வேலையில் பாட்டிக்கு இடமே இல்லை. பசை தரையில் சிந்தாமல் பார்த்துக்கொள்ளும் காவல் வேலைதான் மிச்சம். ஒட்டி முடித்த பொம்மையும் அலமாரிக்குப் போய்விடும், அதை வைத்துச் செய்ய வேறொன்றும் கிடையாது. அதனால் விடுமுறைக் கைவேலையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் கருத்து. இது பெரியவரின் கை முன்பே பழகிய வேலையா? செய்து முடித்ததை வைத்து இருவரும் விளையாட முடியுமா? இரண்டாவது கேள்விதான் முக்கியம். விளையாடத்தான் செய்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளை பாதியில் எழுந்து போகமாட்டாள். பொருள் கோணலாக வந்தாலும் யாரும் வருந்தமாட்டார்கள்.

முதல் நாள் பூவரச இலைப் பீப்பியோடு தொடங்கலாம். சில நிமிடத்தில் முடிந்துவிடும், கையோடு சத்தமும் வந்துவிடும். ரொம்பத் தளிராகவும் இல்லாமல் முற்றிப்போகவும் இல்லாத இலையைப் பறித்து, தூசு போகக் கழுவித் துடைத்து, காம்பைக் கிள்ளிவிட வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனை குறுகலாக வரும்படி பார்த்துக்கொண்டு, அந்த முனையை விரலால் லேசாக நசுக்கித் தட்டையாக்கி உதட்டுக்குள் வைத்து ஊத வேண்டும். சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் நசுக்கியது கூடிப் போயிருக்கும், இல்லையென்றால் சுருள் தளர்ந்திருக்கும். சொல்லிக்கொடுப்பவர் எதிரே உட்காராமல் பிள்ளைக்குப் பக்கத்தில், அதே திசை பார்த்து உட்கார வேண்டும். எதிரே உட்கார்ந்தால் வலது கை பிள்ளைக்கு இடதாகத் தெரியும். கைக்குப் பழகிப்போன வேலையை வாயால் விளக்குவது கடினம் என்பதால் மெதுவாக இரண்டு முறை செய்து காட்டினாலே போதும். பூக்கட்டுவதற்கும் இதேதான் முறை. பாட்டி கண்ணால் பார்த்தா கட்டுகிறார்? விரல் தானாகப் போகிறது, பக்கத்தில் இருப்பவள் அதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள்.

அடுத்தது புளியங்கொட்டைத் தாயம். கோடை முழுவதற்கும் தாங்குவது இதுதான். கொட்டை எடுத்த புளியே இப்போது வீட்டுக்கு வருவதால், கடையில் கேட்டுக் கொட்டைப்புளி வாங்க வேண்டும். புளியிலிருந்து கொட்டையைப் பிரிப்பதே ஒரு முற்பகல் வேலை. கழுவி வெயிலில் காயவைத்த கொட்டைகளில் பெரிதாக நான்கு எடுத்து, சொரசொரப்பான சிமென்ட் தரையிலோ கல்லிலோ ஒரு பக்கத்தை மட்டும் தேய்க்க வேண்டும். பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிடலாம். தேய்த்த சூட்டோடு கொட்டையை அடுத்தவர் கையில் வைத்துச் சுடும் குறும்பை எந்தத் தாத்தாவும் சொல்லித்தராமல் இருக்கப்போவதில்லை. பிறகு சாக்பீஸால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டு, நான்கு பக்கத்து நடுக்கட்டங்களிலும் மையத்திலும் பெருக்கல் குறி இட வேண்டும். குறியிட்ட கட்டத்தில் நிற்கும் காயை வெட்டக் கூடாது. நான்கு கொட்டையையும் உருட்டி வெள்ளையை எண்ண வேண்டும். ஒன்று விழுந்தால் தாயம், காய் இறங்கலாம். வெள்ளையே தெரியாவிட்டால் எட்டு. எதற்கெல்லாம் மறுபடி உருட்டலாம் என்பது ஊருக்கு ஊர் மாறும். தாத்தாவும் பாட்டியும் வெவ்வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் இதிலேயே ஒரு வழக்கு கிளம்பும்; கிளம்பட்டும்.

இதில் படிப்பு எங்கே என்று பெற்றோர் கேட்கலாம். கொட்டையின் இரண்டு பக்கமும் சம வாய்ப்போடு விழுவதாக வைத்துக்கொண்டால், நான்கு கொட்டை 16 விதமாக விழும். அவற்றில் இரண்டு வெள்ளை வருவது 6 விதம், எட்டு வருவது ஒரே ஒரு விதம். எட்டுக்காக ஏன் இவ்வளவு தவம் கிடக்க வேண்டியிருக்கிறது என்பது நூறு முறை உருட்டிக் கோடு போட்டு எண்ணினால் ஓரளவு புரிந்துவிடும். வீட்டில் தாயம் உருட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நினைக்கும் பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், பல்லாங்குழி இருக்கிறது. 14 காலித் தீப்பெட்டிகளின் உள்தட்டுகளை அட்டை மேல் ஏழு ஏழாக இரண்டு வரிசையில் ஒட்டிவிட்டால் பலகை தயார். குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை வேண்டும், அது முன்பே கையில் இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை மட்டும் போட்டுவிடாதீர்கள். அதன் பருப்பில் கடும் நஞ்சு உண்டு, கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கைக்குழந்தை தவழும் வீட்டில் புளியங்கொட்டையைக்கூட விளையாடி முடித்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மூடிவிட வேண்டும், தொண்டையில் சிக்கும்.

‘இதெல்லாம் கிராமத்துக்குச் சரி, அடுக்குமாடியில் மரத்துக்கு எங்கே போவது?’ என்பது நியாயமான கேள்விபோலத் தோன்றும். ஆனால் மேலே சொன்னவற்றில் மரம் தேவைப்படுவது பீப்பிக்கு மட்டும்தான், பூவரசோ சென்னைத் தெருக்களிலும் நிற்கிறது. வயதான கைக்கு வலி இருக்குமே என்பது அதைவிட வலுவான கேள்வி. அதனால்தான் தேய்ப்பதும் ஒட்டுவதும் பிள்ளைக்கு, காட்டுவதும் விதி சொல்வதும் பெரியவருக்கு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கப் பேரனைக் கட்டி மேய்க்கும் பொறுப்பாகவும் இது மாறிவிடக் கூடாது. காலையில் ஒரு மணி நேரம் போதும், மதியத் தூக்கம் தாத்தாவின் உரிமை. செல்போனையும் இதற்காகப் பிடுங்க வேண்டியதில்லை. விடுமுறைக்கு வர முடியாமல் தொலைவில் இருக்கும் பேத்தியோடு வீடியோ அழைப்பில் தாயம் ஆடலாம். இரண்டு பக்கமும் ஒரே கட்டம் வரைந்து, அவரவர் உருட்டியதைக் காட்டி, இரு வீட்டிலும் காயை நகர்த்தினால் ஆட்டம் நடக்கும். ஏமாற்றுகிறார்களா என்று பார்த்துக்கொள்வது அவரவர் சமர்த்து.

நுங்கு வண்டிக்குக் கொஞ்சம் முன்யோசனை வேண்டும். நுங்கு விற்பவரிடம் சுளையாக எடுத்துத் தரச் சொன்னால் காய் துண்டு துண்டாகிவிடும். மேற்புறத்தை மட்டும் சீவித் தரச் சொல்லி, கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட்டால் காய் முழுசாக நிற்கும். அளவொத்த இரண்டு காய் தேவை. சீவும் வேலை வண்டிக்காரரோடு முடிந்துவிடுவதால் அரிவாள் பிள்ளை பக்கமே வராது. ஒரு சாண் நீளக் கெட்டிக் குச்சியின் இரு முனையையும் பெரியவர் கூராக்கித் தர வேண்டும். நுங்கு எடுத்த கண்கள் வெளிப்பக்கம் பார்க்க, காயின் அடிப்பக்க நடுவில் குச்சியைக் குத்தி இரண்டையும் இணைத்தால் சக்கரம் ஆயிற்று. நடு தவறினால் வண்டி நொண்டும், பிடுங்கி மறுபடி குத்த வேண்டியதுதான். நுனியில் கவை உள்ள நீளக் கம்பை அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் ஓடும். மொட்டை மாடியில் ஓட்டலாம், மாலை வெயில் தாழ்ந்த பிறகு. பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள், நுங்குக் கறை துணியில் பட்டால் லேசில் போகாது. சில நாளில் காய் வாடிச் சுருங்கி அச்சு கழன்றுகொள்ளும். அப்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இன்னும் இரண்டு நுங்கு சாப்பிடலாம்.