படப்பதிவில் ஒலி

படம் சற்று மங்கினாலும் பார்ப்போர் பொறுப்பர். பேச்சு விளங்காவிடில் பொறார். சென்ற ஆண்டு என் பாட்டியார் பாடிய தாலாட்டைப் பத்தடி தள்ளி நின்று கைப்பேசியில் படம் பிடித்தேன். முகம் தெளிவாக விழுந்தது. பாட்டோ மின்விசிறி இரைச்சலில் புதைந்தது. இன்று பாட்டியார் இல்லை.

பிழை கருவியினுடையதன்று, தொலைவினுடையது. தொலைவு இருமடங்கானால் நேரே வரும் ஒலியின் செறிவு நான்கிலொன்றாகும். அதாவது 6 டெசிபெல் குறையும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியோ அறையெங்கும் ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கும். எனவே விலக விலக எதிரொலியே மேலோங்குகிறது.

சிறிய ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் சட்டையில் குத்திவிடலாம். அஃதில்லையேல் இன்னொரு கைப்பேசியைப் பாடுபவரருகே வைத்து ஒலியை மட்டும் தனியே பதியலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டுங்கள். படத்தையும் ஒலியையும் பின்னர் பொருத்த அதுவே அடையாளம். விசிறியை நிறுத்திவிடுங்கள், புழுக்கம் படத்தில் பதியாது.