லிவர் வாங்கித் தரும் ஐந்து விநாடி

அன்புத் தம்பிக்கு,

கெளுத்திக்கும் ஆற்று வாளைக்கும் சேர்த்து ஒரே ரீல் வாங்கப் போகிறாய் என்றும், அது பின்னால் லிவர் வைத்த ஃப்ரீ ஸ்பூல் ரீலாகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வாங்கலாம். ஆனால் எதற்காக வாங்குகிறோம் என்று தெரியாமல் வாங்கினால் அந்த லிவர் ஒரு மாதத்தில் உப்புப் பிடித்த அலங்காரமாகிவிடும். ஷிமானோ ‘பெய்ட்ரன்னர்’ என்ற பெயரில் 1980களில் கொண்டுவந்த வகை இது. பென் நிறுவனம் ‘லைவ் லைனர்’ என்கிறது, ஒகுமா ‘பெய்ட்ஃபீடர்’ என்கிறது. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ‘10 கிலோ டிராக்’ என்பது முன் டிராக்கின் கணக்கு. லிவருக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. லிவர் உனக்குப் பலம் தருவதில்லை, நேரம் தருகிறது. அந்த நேரம் மீன் இரையை விழுங்கி முடிப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது, நீ தூண்டில் கழி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்கான நேரம் என்பது என் கட்சி. ரீலை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதெல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே வருகிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார். சாதாரண ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல், நடுத்தண்டின் மேல் டிராக் வாஷர்களின் பிடியில் உட்கார்ந்திருக்கிறது. மீன் இழுத்தால் தண்டு சுற்றாது. வாஷர் வழுக்கி ஸ்பூல் மட்டும் சுற்றும். ஃப்ரீ ஸ்பூல் ரீலில் லிவரைத் தள்ளியதும் தண்டின் பூட்டு விடுபட்டு, தண்டும் ஸ்பூலும் ஒன்றாகச் சுற்றத் தொடங்குகின்றன. அப்போது அதைத் தடுப்பது பின்பக்கத்துச் சிறு குமிழ் தரும் மெல்லிய இறுக்கம் மட்டுமே. ‘கிர்ர்’ என்ற சத்தம் அங்கிருந்துதான் வருகிறது. கைப்பிடியைச் சுற்றியதும் லிவர் தானாக விழும், தண்டு மறுபடி பூட்டிக்கொள்ளும், நீ முன்பே வைத்திருந்த முன் டிராக் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஆக, நீ காசு கொடுத்து வாங்குவது இரண்டு இறுக்கங்களையும், ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு நொடியில் மாறும் வசதியையும்தான்.

‘கெளுத்தி முதலில் மீசையால் தடவிப் பார்க்கும், இழுவை தெரிந்தால் துப்பிவிடும், ஆகவே தாராளமாக ஓடவிட வேண்டும்’ என்பது எங்கும் கேட்கும் பேச்சு. பாதி உண்மை. கலங்கிய தண்ணீரிலும் இருட்டிலும் இந்தச் சாதிக்குக் கண்ணைவிட மீசைதான் பெரிது. மோப்பமும் சுவையும் அதற்கு வழிகாட்டிகள். ஆனால் வாயின் அளவையும் பார்க்க வேண்டும். ஆற்று வாளையின் வாய் கண்ணையும் தாண்டிப் பின்னால் கிழிந்திருக்கும். நீ இரையாகக் கோக்கும் விரலளவுக் குறவை மீனை வாய்க்குள் கொண்டுபோக அதற்கு ஒரு நிமிட அவகாசம் தேவையில்லை. இரையைக் கவ்வித் திரும்பும்போதே வேலை முடிந்திருக்கும். அதன்பின் நீ விடும் ஒவ்வொரு மீட்டரும் மீனுக்குக் கொடுக்கும் இலவசச் சலுகை. கணக்குப் போட்டுப் பார்: விநாடிக்கு ஒரு மீட்டர் என்று நிதானமாகப் போகும் மீன்கூட ஐந்து விநாடியில் ஐந்து மீட்டர் போய்விடும். நம் ஆற்றில் ஐந்து மீட்டரில் என்ன இருக்கிறது? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே கரையோரம் சீமைக் கருவேல வேர், கரையிலிருந்து சரிந்த பனந்துண்டு, மிதந்து வந்து தட்டிய அமலைச்செடி. புன்னைக்காயல் பக்கம் போனால் அலையாத்தி வேர். 2023 டிசம்பரில் நம் ஊரில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அப்படி ஒரு வெள்ளம் வந்துபோன ஆற்றில் எந்த மடுவில் எந்த மரம் புதைந்து கிடக்கிறது என்று பழைய ஆட்களாலும் சொல்ல முடியாது. ஆகவே திறந்த மணலில் பின்குமிழைத் தளர்த்தி வை. வேர் இருக்கும் இடத்தில் இறுக்கி வை, கழியும் ஐந்தடிக்குள் இருக்கட்டும். எழுந்து நாலு எட்டு வைத்துக் கழியைக் கையில் எடுக்கும் நேரம், அவ்வளவுதான் லிவரின் வேலை.

இதற்கு வரக்கூடிய எதிர்வாதங்களில் மிக வலுவானது மீனவர் ஊர்களான கொம்புத்துறை, சிங்கித்துறைப் பக்கத்திலிருந்துதான் வரும். கைத்தூண்டில் போடுகிறவர்களுக்கு லிவரும் இல்லை, டிராக்கும் இல்லை. ஆள்காட்டி விரலில் தங்கூஸ் நரம்பைத் தாங்கி, மீன் தொட்டால் விட்டு, கவ்வினால் பிடித்து, இழுத்தால் இளக்குகிறார்கள். உலகத்தின் மிக நுட்பமான ஃப்ரீ ஸ்பூல் அந்த விரல்தான். இதை மறுக்க ஒன்றுமில்லை. கழியைக் கையில் வைத்துக்கொண்டே மீன் பிடிப்பவனாக இருந்தால் உனக்கும் லிவர் வேண்டாம், அந்தப் பணத்தை நல்ல முன் டிராக்கில் போடு. ஆனால் விரல் ஒரு நரம்பைத்தான் காக்கும். இரண்டு கழியை மணலில் ஊன்றிவிட்டு இரவு முழுக்க உட்கார்கிறவனுக்கு இரண்டாவது கழியைக் காக்க ஆள் இல்லை. அதற்குத்தான் இந்தக் கருவி.

அடுத்த வாதம், ‘பெய்லை, அதாவது ஸ்பூலில் நூலைச் சுற்றிவிடும் கம்பி வளையத்தை, திறந்து வைத்தால் போதாதா?’ என்பது. போதாது. நீரோட்டமும் காற்றும் நூலை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். ஓடும் மீனை உணர்த்தச் சத்தமும் இல்லை. பெய்லை மூடும் கணத்தில் தளர்ந்த நூல் ஒரே வெட்டாக இறுகும். ‘முன் டிராக்கையே தளர்த்தி வைக்கிறேன்’ என்பது இதைவிட நல்ல வழி, பல பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மீன் ஓடும்போது இருட்டில் குமிழை எத்தனை சுற்று இறுக்குவாய்? ஒரு சுற்று குறைந்தால் முள் ஏறாது, ஒரு சுற்று கூடினால் நூல் அறும். நூல் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கு என்று வீட்டில் தராசு வைத்து அமைத்த டிராக்கைக் கரையில் தொடாமல் இருப்பதே லிவரின் பெரிய லாபம் என்று நான் நினைக்கிறேன். சத்தமும் வசதியும் அப்புறம்தான்.

மூன்றாவது குற்றச்சாட்டை லேசாக ஒதுக்க முடியாது: ஓடவிட்டால் மீன் முள்ளைத் தொண்டைக்குள் இறக்கிவிடும், பிறகு அதை விடுவித்தாலும் பிழைக்காது. உண்மைதான், வளைவு விரிந்த சாதாரண முள்ளைப் போட்டு நிமிடக் கணக்கில் ஓடவிடுகிறவர்களுக்கு. ஆற்று வாளை இன்று உலக அளவில் அழிவுக்கு இலக்காகக் கூடியது என்று பட்டியலிடப்பட்ட மீன். பெரியதைத் திருப்பி விடுவதுதான் முறை, அதற்கு அது உயிரோடு இருக்க வேண்டும். இதற்கு மாற்று சர்க்கிள் முள். நுனி உள்பக்கம் திரும்பியிருப்பதால் தொண்டையில் மாட்டாமல் வழுக்கி வந்து வாயோரத்தில் ஏறும். வெடுக்கென்று சுண்டக் கூடாது. நூல் மெல்ல இறுகினால் போதும். இங்கே லிவரும் சர்க்கிள் முள்ளும் ஒன்றுக்காகவே ஒன்று செய்ததுபோல் பொருந்துகின்றன: கழியை எடு, நுனியை மீன் பக்கம் தாழ்த்து, கைப்பிடியை நிதானமாகச் சுற்று. லிவர் விழுகிறது, நூல் இறுகுகிறது, முள் ஏறுகிறது. சாதாரண முள்தான் கையில் இருக்கிறதென்றால் லிவரை மற.

இனி கடையில் என்ன செய்வது என்று சொல்கிறேன். விற்பவர் கைப்பிடியைச் சுற்றிக் காட்டி ‘எத்தனை பேரிங்’ என்று எண்ணுவார், தலையாட்டிக் கேட்டுக்கொள். பையில் 100 கிராம் ஈயக்குண்டு ஒன்று எடுத்துப் போ. கொஞ்சம் நூல் சுற்றி, குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லிவரைத் தள்ளு. பின்குமிழை இறுக்கத்திலிருந்து மெல்லத் தளர்த்திக்கொண்டே வா. குண்டு அசையாமல் நிற்கும் இடம் ஒன்று உண்டு, தானாகச் சரசரவென்று இறங்கும் இடம் ஒன்று உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவே குமிழ் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்று பார். அரைச் சுற்றாவது இருந்தால் அந்த ரீலில் இறுக்கத்தை நுணுக்கமாக வைக்கலாம். ஒரே ‘டிக்’கில் நிற்பதும் விழுவதுமாக மாறினால், அதைக் கொண்டு ஆற்றுமுகத்தில் ஏற்றத்துக்கு ஒரு மாதிரி, வற்றத்துக்கு ஒரு மாதிரி என்று அமைக்க முடியாது. நம் பக்கத்துக் கடலில் ஓத வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்றாலும், ஒடுங்கிய முகத்துவாரத்தில் பாசி சுமந்த நூலை இழுக்க அது தாராளம். அடுத்து, குண்டு இறங்கிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைச் சுற்று. உடனே, ஒரே ‘டக்’கென்று பூட்ட வேண்டும். அரைச் சுற்று வீணாகப் போய்ப் பிறகு பூட்டினாலோ, பூட்டியபின் பின்னால் வழுக்கினாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வா.

ஸ்பூலை விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிறைத்து வை. இது அழகுக்காக அல்ல. நூல் போகப் போகச் சுற்றின் ஆரம் சுருங்குகிறது; அதே இறுக்கத்தை இழுக்க மீனுக்குக் கூடுதல் விசை தேவைப்படுகிறது. ஆரம் பாதியானால் இழுவை இரட்டிப்பு. அரை ஸ்பூல் நூலோடு மெல்லியதாக அமைத்தேன் என்று நீ நினைப்பது மீனுக்கு மெல்லியதாக இருக்காது.

அசையும் உறுப்பு கூடினால் துருவும் கூடும் என்ற வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை; அது சரியான வாதம். லிவரின் வில்தான் முதலில் உப்புப் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் முன் டிராக்கை இறுக்கி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவு. குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்ச் சேரும். காய்ந்தபின் டிராக்கைத் தளர்த்தி, லிவர் மூட்டில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விடு.

கடற்கரையில் அலைக்கு வெளியே கணவாய்த் துண்டு வீசிப் பிடிக்கும் கடல் கெளுத்திக்கு இந்த ரீல் தேவையா என்றும் கேட்டிருந்தாய். அரைக் கிலோ, ஒரு கிலோ மீனுக்கு வேண்டாம். அலை இழுக்கும் இழுப்பிலேயே ஃப்ரீ ஸ்பூல் கத்திக்கொண்டிருக்கும், நீயும் ஓடி ஓடி அலுத்துவிடுவாய். அங்கே லிவரைத் தள்ளாமல் சாதாரண ரீலாகவே வைத்துக்கொள். அந்த மீனிடம் பயப்பட வேண்டியது இழுவைக்கு அல்ல, முதுகிலும் இரு பக்கத்திலும் விறைத்து நிற்கும் அரம் போன்ற மூன்று முட்களுக்கு. குத்திவிட்டால் கை தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைத்திரு. அந்த நஞ்சு சூட்டில் வலுவிழக்கும். உடம்பு வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ வெந்நீரோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

உனக்கு என் யோசனை 5000 அல்லது 6000 அளவு. கழி ஊன்றியே இருப்பதால் எடை பொருட்டில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் யாரிடமாவது சொல்லி வாங்குவதானால், ஈயக்குண்டுச் சோதனையை அவரே அங்கே கடையில் செய்து போனில் படம் எடுத்து அனுப்பச் சொல். உதிரி ஸ்பூல் ஒன்றும் அப்போதே சேர்த்து வாங்கி வரட்டும். ஒன்றில் ஆற்றுக்குப் பிரெய்டு, மற்றதில் கடலுக்குத் தங்கூஸ்.