ஒன்பதாவது ஈடு

ஹைதராபாத்தில் பிஸ்கட் என்றால் முதலில் நினைவுக்கு வருவது உஸ்மானியா. ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கானின் பெயரைத் தாங்கிய பிஸ்கட். இரானி சாயாவில் தோய்த்துக் கடித்தால் இனிப்பின் பின்னாலேயே மெல்லிய உப்பு வரும். இன்னொன்றை எடுக்க வைப்பது அந்த உப்புதான். இங்கே மல்காஜ்கிரிக்குக் குடிவந்த நாளிலிருந்து எனக்கு ஓர் ஆசை. அந்த உப்பினிப்பை விடாமல், இந்த ஊர் ஜொன்ன பிண்டியும் (சோளமாவு) எங்கள் பக்கத்துக் கருப்பட்டியும் சேரும் ஒரு பிஸ்கட்டைச் செய்துவிட வேண்டும். ஒன்பதாவது ஈட்டில்தான் அது கைக்கு வந்தது. நீங்களும் சொந்தமாக ஒரு பிஸ்கட் செய்ய நினைத்தால், நான் போன வழி இது.

மாவைத் தொடும் முன் ஒரே ஒரு வரி எழுதுங்கள். என் நோட்டில் இருந்த வரி: ‘சகினாலு மணக்க வேண்டும், கருப்பட்டி இனிக்க வேண்டும், டீயில் தோய்த்தால் உடையக் கூடாது.’ சகினாலு தெலங்கானாவின் சங்கராந்திப் பலகாரம். அரிசி மாவில் எள்ளும் ஓமமும் சேர்த்துச் சுற்றிப் பொரிப்பது. ‘புதுமையாக ஏதாவது’ என்று தொடங்கினால் எந்த ஈட்டில் நிறுத்துவது என்றே தெரியாது.

அடுத்து, பழகிய அளவு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெண்ணெய் பிஸ்கட்டுக்கு உலகெங்கும் கைகொடுப்பது 3:2:1. மைதா 150 கிராம், வெண்ணெய் 100, சர்க்கரை 50. ஒன்றுக்கு 15 கிராம் வைத்தால் இருபது பிஸ்கட். முதல் ஈட்டில் எந்த மாற்றமும் வேண்டாம், இதையே சுட்டுவிடுங்கள். பின்னால் செய்யும் ஒவ்வொன்றையும் இதோடு வைத்துத்தான் பார்க்கப்போகிறீர்கள்.

தராசு கட்டாயம். ஒரு கப் மைதாவைத் தளர்வாக அள்ளினால் ஓர் எடை, அமுக்கி அள்ளினால் வேறு எடை. முப்பது கிராம்கூட வித்தியாசம் வரும். அடுப்பையும் சோதித்துக்கொள்ளுங்கள். தட்டு முழுக்க ரொட்டித் துண்டுகளை அடுக்கி 180 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள். எந்த மூலையில் முதலில் கருகுகிறது என்று தெரிந்துவிடும். என் ஓடிஜி அடுப்பில் வலப்பக்கப் பின்மூலை. அது தெரியும்வரை மாவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனிதான் முக்கியமான வேலை. ஒரு ஈட்டுக்கு ஒரே ஒரு மாற்றம். அவசரப்பட்டு இரண்டை மாற்றினால், நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது ஈட்டில் மைதாவை எடுத்துவிட்டு முழுக்க ஜொன்ன மாவு போட்டேன். தட்டிலிருந்து எடுக்கும்போதே மணலாக உதிர்ந்தது. சோளத்தில் குளூட்டன் இல்லை, பிடித்து வைக்க ஆளில்லை. மூன்றாவதில் பாதிக்குப் பாதி. உருவம் நின்றது, ஆனால் பல்லில் நறநறத்தது. நான்காவதில் அளவை மாற்றவில்லை, பிசைந்த மாவை அரைமணி நேரம் ஊற மட்டும் விட்டேன். நறநறப்பு குறைந்தது, போகவில்லை. சோளமாவு ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும், அந்த மாவில் குடிக்க ஈரமும் போதவில்லை.

ஐந்தாவதில் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி. தட்டிப் பொடித்துப் போட்டேன். வாயில் மண் தட்டியது! கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டாமல் பயன்படுத்தக் கூடாது என்பது அம்மாவிடம் ஆயிரம் முறை கேட்டதுதான். ஆறாவதில் 60 கிராம் கருப்பட்டியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு வெண்ணெயோடு குழைத்தேன். அந்தத் தண்ணீரே சோளமாவுக்கு வேண்டிய ஈரமாகவும் ஆனது. நறநறப்பு போயே போய்விட்டது. ஆனால் நடு வேகும் முன் ஓரம் கறுத்தது. ஏழாவதில் சூட்டை 160க்கு இறக்கி இருபது நிமிடம் வைத்தேன். சரியாக வந்தது.

நல்ல பிஸ்கட் இப்படிப் படிப்படியாகத்தான் வரும். அமெரிக்காவில் ரூத் வேக்ஃபீல்டு சாக்லேட் சிப் குக்கீயைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. நான் அதை நம்பவில்லை. அவர் மனையியல் படித்தவர், 1930 முதல் டோல் ஹவுஸ் என்ற விடுதியை நடத்தியவர். அப்படிப்பட்டவர் தன் மேசைக்கு வருவதைத் தற்செயலுக்கு விட்டிருக்க மாட்டார்.

வாசனைக்கு மட்டும் ஒரு குறுக்குவழி உண்டு. எட்டாவது ஈட்டு மாவை நான்காகப் பிரித்தேன். ஒன்றில் எள் மட்டும், ஒன்றில் ஓமம் மட்டும், ஒன்றில் இரண்டும், ஒன்று வெறுமனே. இரண்டும் சேர்ந்ததுதான் வென்றது. முழு ஈட்டுக்கு வறுத்த எள் 15 கிராம், ஓமம் கால் டீஸ்பூன். ஓமம் அதற்கு மேல் போனால் கஷாயம். உப்பு தனியாக வேண்டாம், கடையில் விற்கும் உப்பு போட்ட வெண்ணெயிலேயே அது இருக்கிறது.

ருசி பார்க்க வருகிறவர்களிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். எங்கள் மாடியில் எல்லோரும் ‘பாகுந்தி’ (நன்றாக இருக்கிறது) என்றுதான் சொன்னார்கள். அன்பில் சொல்வது, அதை வைத்து அளவை மாற்ற முடியாது. ‘ஒன்றைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், எது?’ என்று கேளுங்கள். இன்னும் உறுதி வேண்டுமானால் உணவு ஆய்வுக்கூடங்களில் செய்யும் முக்கோணச் சோதனை இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் மூன்று பிஸ்கட்; இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. பெயருக்குப் பதில் 417, 582 என்பதுபோல் எண்கள். வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் குருட்டாம்போக்கிலேயே சரியாகச் சொல்லிவிடலாம். எட்டுப் பேராவது சொன்னால்தான் உங்கள் மாற்றம் நாக்குக்குத் தெரிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எள் ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள், கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

எள்ளும் ஓமமும் சேர்த்துச் சுட்ட ஒன்பதாவது ஈட்டை டப்பாவில் போட்டு மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் தின்று பார்த்தேன். கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுக்கும், மழைக்காலத்தில் மூடி கொஞ்சம் தளர்ந்தாலே நமத்துவிடும். சோளமாவை மாதக்கணக்கில் வைத்தால் கசப்பு ஏறும். பிண்டி கிர்னியில் (மாவு மில்லில்) அவ்வப்போது அரைகிலோ அரைத்துக்கொள்வது மேல். மே மாதம் வெண்ணெய் உருகி ஓடும். பிசைந்த மாவை அரைமணி ஃப்ரிட்ஜில் வைத்து, உருளையாக்கி வில்லை போடுங்கள்.

கடைசியாக, எழுதிய தாளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிர்வீட்டு அக்கா தன் அடுப்பில் சுட்டார். பிஸ்கட் வெளுத்து, எள் மணமே இல்லாமல் வந்தது. என் தாளைப் பார்த்தேன். ‘எள் 15 கிராம்’ என்று இருந்தது. வறுக்க வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. ‘முதலில் பத்து நிமிடம் அடுப்பைச் சூடாக்கவும்’ என்பதும் இல்லை. இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக் கதவைத் திறந்தபோதே ஓமம் மணத்தது.