மயக்க மருந்து செவிலியர் ஆக குறுக்குவழி உண்டா?

அறுவை சிகிச்சை மேசையில் நோயாளி கண் மூடியது முதல் விழிக்கும்வரை அவர் மூச்சுக்குக் காவலாக நிற்பவர், அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஒரு செவிலியர்தான். ‘சி.ஆர்.என்.ஏ.’ எனப்படும் அந்தப் பணிக்கு நம் ஊர் நர்ஸுகளும் ஆசைப்படுகிறார்கள். அரைகுறைத் தகவலை நம்பி அவர்கள் காலத்தையும் பணத்தையும் இழந்துவிடக் கூடாது.

நம்பிக்கை: இது அண்மையில் வந்த வேலை.
உண்மை: 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே செவிலியர்கள் மயக்க மருந்து கொடுத்தார்கள். மேயோ கிளினிக்கின் ஆலிஸ் மகாவ், மயக்க மருந்தால் ஓர் உயிர்கூடப் போகாமல் 14,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கவனித்த அனுபவத்தை 1906இல் எழுதினார்.

நம்பிக்கை: இங்கே பி.எஸ்சி. அனஸ்தீசியா டெக்னாலஜி படித்தவர் நேரடியாகச் சி.ஆர்.என்.ஏ. படிப்பில் சேரலாம்.
உண்மை: முடியாது. அது தொழில்நுட்பப் படிப்பு. செவிலியர் படிப்பு அல்ல. நர்சிங் படித்து, ‘என்கிளெக்ஸ்-ஆர்.என்.’ தேர்வில் வென்று, அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக வேண்டும். இளநிலைப் பட்டமும் தேவை.

நம்பிக்கை: எந்த வார்டில், எந்த நாட்டில் வேலை பார்த்திருந்தாலும் போதும்.
உண்மை: பலர் இடறுவது இங்கேதான். அமெரிக்காவிலோ அதன் ஆட்சிப்பகுதிகளிலோ அதன் ராணுவ மருத்துவமனையிலோ, குறைந்தது ஓராண்டு முழுநேரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியிருக்க வேண்டும். சென்னையில் பத்தாண்டு ஐ.சி.யூ.வில் இருந்தவருக்கும் இதே விதிதான். வென்டிலேட்டரில் இருப்பவரின் மூச்சைக் கவனிப்பது, ரத்த அழுத்தம் சரியும்போது மருந்தின் சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மானிட்டரின் சிறு மாற்றத்தைக் கண்டு அடுத்து வரப்போவதை முன்னுணர்வது, இவையெல்லாம் அங்கே கைவரும். அறுவை அரங்கிலும் இதே விழிப்புதான் வேண்டும். ஓராண்டு என்பது குறைந்தபட்சம். கூடுதல் அனுபவம் சேர்க்கைப் போட்டியில் கைகொடுக்கும்.

நம்பிக்கை: முதுநிலைப் பட்டம் போதும், வேலை பார்த்துக்கொண்டே முடித்துவிடலாம்.
உண்மை: 2022 முதல் புதிதாகச் சேர்பவர்கள் அனைவரும் முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். காலம் குறைந்தது 36 மாதங்கள். அதற்குள் குறைந்தபட்சம் 600 நோயாளிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, 2,000 மணி நேரம் மருத்துவப் பயிற்சி பெற வேண்டும். பயிற்சிக்காலத்தில் வேலைக்கும் போவது மிகக் கடினம். எனவே கல்விக் கட்டணத்தோடு, வீட்டுச் செலவுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: பட்டம் வாங்கியதும் பணி தொடங்கலாம்.
உண்மை: தேசியச் சான்றிதழ் தேர்வில் தேற வேண்டும். அதன்பின் சான்றிதழைக் காலந்தோறும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே ‘நேரடிச் சேர்க்கை’ என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். இப்போது வார்டில் இருக்கும் தங்கைகளே, தம்பிகளே, இந்தக் கனவு இருந்தால் ஐ.சி.யூ.வுக்கு மாற்றம் கேளுங்கள். அந்த ஆண்டுகள் அமெரிக்க விதியின் கணக்கில் சேரா. ஆனாலும் நீங்கள் கற்றது உங்கள் கையை விட்டுப் போகாது.