வீட்டுப் பூனை வெளியே பழகும் விதம்

ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்த்துக் காலம் கழித்தவன் பூனையைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று சிரிக்க வேண்டாம். மாற்றலாகும் குடும்பங்கள் நம்மில் நிறைய. பூனை வளர்க்கும் வீடுகளும் இப்போது பெருகிவிட்டன. நான் செய்த தவற்றை வேறு யாரும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

மகனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. புனேயில் நான்காம் மாடி ஃப்ளாட்டில் நான்கு வருடம் வளர்ந்த மீனு என்ற பூனை நாக்பூருக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மண்ணில் கால் வைத்தறியாத ஜீவன். என் மனைவிக்கோ ஆஸ்துமா. பூனை உள்ளே படுத்தால் இரவில் மூச்சு வாங்கும். தோட்டம் இருக்கிறதே, வெளியே இருந்துகொள்ளட்டும் என்று மூன்றாம் நாளே பின்கதவைத் திறந்து விட்டேன். ஒரே பாய்ச்சல், மறைந்துவிட்டது.

இரண்டு நாள் தெருத் தெருவாக அலைந்தேன். மாலையானால் பேத்தி ஃபோனில் கூப்பிடுவாள். "தாத்தா, மீனு சாப்பிட்டாளா?" என்பாள். "சாப்பிட்டாள் கண்ணு" என்று பொய் சொன்னேன். மூன்றாம் நாள் இரவு பதினொரு மணிக்கு, தெரு அடங்கிய பிறகு, டார்ச்சுடன் பக்கத்து வீட்டைச் சுற்றினேன். பழைய கூலருக்குப் பின்னால் இரண்டு கண்கள் மின்னின. எங்கள் வாசலிலிருந்து முப்பதடி கூட இராது!

பிறகு கால்நடை மருத்துவர் விளக்கினார். உள்ளேயே வளர்ந்த பூனை தொலைந்தால் பெரும்பாலும் தூரம் போகாது. கிட்டத்தில் ஏதாவது இடுக்கில் ஒடுங்கிக்கொள்ளும். பயத்தில் வளர்த்தவர் கூப்பிட்டாலும் குரல் கொடுக்காது. ஆகவே ஊரெல்லாம் தேடுவதைவிட, இரவில் அக்கம்பக்கத்துக் கூலர் அடி, மாடிப்படி அடி, விறகுக் குவியல் இவற்றில் டார்ச் அடித்துப் பார்ப்பதே மேல்.

புதிதாகப் போட்ட லைனில் முதல் வண்டியை முழு வேகத்தில் விடமாட்டோம். காஷன் ஆர்டர் கொடுத்து, தண்டவாளம் படியப் படிய வேகத்தைக் கூட்டுவோம். இதை அறிந்த நானே பூனை விஷயத்தில் மறந்துவிட்டேன்.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தோம். பின்வராந்தா அறையில் மூன்று வாரம் அடைத்து வைத்தோம். அது படுத்த பழைய துணியைத் துவைக்கவில்லை. அந்த வாசனைதான் அதற்கு வீட்டு விலாசம். ஒவ்வொரு வேளையும் தட்டை மூன்று முறை தட்டிய பிறகே சோறு. அந்தச் சத்தத்துக்கு ஓடி வரும்வரை கதவு திறக்கவில்லை. பிறகு பகலில், சாப்பாட்டுக்குச் சற்று முன், பசியோடு இருக்கையில் பத்து நிமிஷம் திறந்தோம். தூக்கிக்கொண்டு போய் வெளியே விடக்கூடாது. தானே மோந்து மோந்து நடந்து போனால்தான் திரும்பும் வழி தெரியும். பத்து நிமிஷம் அரை மணியாகி, அரை மணி அரை நாளாக ஒரு மாதம் பிடித்தது. அது கழிக்கும் தொட்டி மணலில் கொஞ்சம் தோட்ட மூலையில் கலந்து வைத்ததில், அண்டை வீட்டுப் பூந்தொட்டிகள் தப்பின.

மரமேறி இறங்கத் தெரியாமல் கத்தியது தனிக் கதை. நகம் வளைந்திருக்கும் அமைப்பால் பூனை தலைகீழாக இறங்க முடியாது, பின்பக்கமாகத்தான் வர வேண்டும். மாடிப் பூனைக்கு அது தெரியாது. சாய்வாக ஒரு பலகையும் கீழே தட்டுச் சத்தமும் போதுமாயிருந்தது.

இவ்வளவுக்கும் முன் செய்ய வேண்டியது ஊசி. வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். அறிகுறி கண்டபின் பிழைப்பது அரிது. அந்த ஊசியை வருடந்தோறும் போட வேண்டும். பூனைகளுக்கே உரிய தொற்று நோய்களுக்கான ஊசி வேறு. முதல் தடவையானால் 3, 4 வாரம் கழித்து இரண்டாவது டோஸும் உண்டு. கருத்தடை செய்யாமல் வெளியே விடவே கூடாது. பூனையின் கர்ப்பகாலம் ஒன்பது வாரம்தான், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட பூனையாயினும் கடித்தால், பிறாண்டினால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

எலி மருந்து வைக்கும் அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு எமன். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை வாங்கும். லில்லிச் செடி வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். நம் நாக்பூர் மே மாதத்தில் 45 டிகிரியைத் தொடும், நிழலில் இரண்டு இடத்தில் தண்ணீர் வேண்டும். குளிர்காலத்தில் சூட்டுக்காகக் கார் எஞ்சினுக்குள் புகுந்து படுக்கும். காலையில் பானெட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளப்புவது நல்லது.

வயதான பூனை, காது கேளாத பூனை, கண் தெரியாத பூனை இவற்றை வெளியே விடாதீர்கள். பால்கனிக்குக் கம்பிவலை அடித்துக் கொடுங்கள், போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில்வே குடியிருப்பில் மாற்றல் காலத்தில் லாரி கிளம்பிப் போன பிறகு, பூட்டிய கதவின் முன் பூனை உட்கார்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். கிண்ணத்தில் சோறு தின்ற பூனைக்கு வேட்டை சட்டென்று வந்துவிடாது. பட்டினியில் தவிக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கூட்டிப்போக முடியாவிட்டால் இரண்டு மாதம் முன்பே ஒரு வீடு தேடுங்கள். சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தாலே யாராவது அகப்படுவார்கள்.

மீனு இப்போது காலை ஏழு மணிக்கு வெளியே போகிறாள். விளக்கு வைப்பதற்குள் தட்டுச் சத்தம் கேட்டு வந்துவிடுகிறாள். இரவு வராந்தா அறை, கதவு சாத்தியாகிவிடும். மனைவிக்கும் மூச்சுத் தொல்லை இல்லை. பேத்திக்கு உண்மையைச் சென்ற தீபாவளிக்குத்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.