வாசல் மண் வாசலிலேயே இருக்கட்டும்
லயத்துப் புல்தரையை வெயிலிலும் மழையிலும் காப்பது எப்படி?



இந்த இதழில் நாம் படிக்கப் போவது புல்லைப் பற்றி. "புல்லைப் புடுங்கத்தான் நமக்குச் சம்பளம், இவரு என்னா வளக்கச் சொல்றாரு" என்று சிரிக்க வேண்டாம். மலையில் தேயிலைக்கும் றப்பருக்கும் போட்டியாக நிற்கிற புல் வேறு. லயத்து வாசலிலும் பிள்ளைமடுவத்து முற்றத்திலும் நிற்க வேண்டிய புல் வேறு.

வாசலைச் சுரண்டியால் செதுக்கி, கூட்டிப் பெருக்கி, வெறும் செம்மண் தெரிந்தால்தான் துப்புரவு என்பது நம் பழக்கம். ஆனால் உங்கள் லயத்தின் அத்திவாரத்தை ஒருமுறை குனிந்து பாருங்கள். மண்ணுக்குள் இருந்த கல் இப்போது வெளியே தெரிகிறதா? வாசற்படியின் உயரம் கூடிவிட்டதா? படி வளரவில்லை, மண்தான் இறங்கிவிட்டது.

ஏன் மண் போகிறது?

இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கத்துக் கீழ்நாட்டுத் தோட்டங்களில் வெக்கையும் ஈரமும் சேர்ந்தே இருக்கும். இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்கிறது. அப்படி இருந்தும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தரை காய்கிறது. காய்ந்த வெறுந்தரை இறுகி ஓடு மாதிரி ஆகிவிடும். அதன்மேல் பெருமழை விழுந்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மண்ணை அள்ளிக்கொண்டு கானுக்கு ஓடும்.

2017 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். முந்திய வருஷக் கடைசியில் தொடங்கிய வரட்சி நாட்டின் பல மாவட்டங்களை வாட்டியது. அதே 2017 மே மாதக் கடைசியில் இரத்தினபுரியிலும் களுத்துறையிலும் வெள்ளமும் மண்சரிவும் வந்தன. காய்ச்சலும் பெருமழையும் இப்படி அடுத்தடுத்து வரும்போது மேல்மண்ணைப் பிடித்து வைப்பது வேர்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புல் மேல்மண்ணைத்தான் காக்கும். மலை சரிவதைப் புல் தடுக்காது. நிலத்தில் வெடிப்பு, சுவரில் புது விரிசல், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, சாய்கிற மரம் இவற்றைக் கண்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பிறகு நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் 117 என்ற இலக்கத்துக்கும் அறிவியுங்கள்.

எந்தப் புல்?

நாள் முழுக்க வெயில் படும் இடத்துக்கு அறுகம்புல். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதேதான். இலை காய்ந்தாலும் தரைக்குள் இருக்கும் தண்டு உயிரோடு கிடக்கும், மழை வந்ததும் துளிர்க்கும். நிழல் அதற்கு ஆகாது.

மர நிழலுக்கும் ஈரமான இடத்துக்கும் ரோட்டோரத்தில் தானாகப் படர்கிற அகல இலைப் புல் நல்லது. அதன் வேர் ஆழம் போகாது, அதனால் வரட்சியில் சீக்கிரம் வாடும்.

மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் மலை மண்ணைத் தேற்றுவதற்கு. உயரமாக வளர்வதால் வாசலுக்கு வேண்டாம். இலுக்கு வந்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள்.

நடும் முறை

ஏப்ரல், மே அல்லது ஒக்டோபர் மழை தொடங்கும்போது நடுங்கள். மம்பட்டியால் 4 அங்குல ஆழம் கொத்தி, மக்கிய குப்பை உரம் கலந்து, வேரோடு கூடிய துண்டுகளை 6 அங்குல இடைவெளியில் வைத்துக் காலால் மிதித்து விடுங்கள். சரிவான இடத்தில் வரிசை குறுக்கே போக வேண்டும், மேலிருந்து கீழாகப் போகக் கூடாது. வேர் பிடிக்கும்வரை இரண்டு மூன்று கிழமைக்குத் தரை ஈரமாக இருக்கட்டும்.

தகரத்திலிருந்து மழைத்தண்ணி சொட்டும் கோட்டில் எந்தப் புல்லும் நிற்காது. அங்கே சிறு கற்களைப் பரப்புங்கள். நடக்கிற பாதைக்கும் கல் பதியுங்கள்.

வெட்டும் முறை

அருவாள் போதும். 2 அங்குல உயரம் விட்டு வெட்டுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். இலைதான் வேருக்குச் சோறு போடுகிறது. ஒட்ட வெட்டினால் வேரும் குட்டையாகும், வெயில் வந்ததும் முதலில் கருகுவது அந்த இடம்தான். வெட்டிய துண்டுகளைத் தூவினாற்போல் விட்டால் அதுவே உரம்.

"புல்லு இருந்தா பாம்பு வரும், அட்டை வரும்" என்பார்கள். 2 அங்குலப் புல்லில் பாம்பு மறையாது. கானோரத்துப் புதரிலும் அடுக்கி வைத்த விறகிலும்தான் மறையும். அவற்றை ஒதுக்குங்கள். அட்டைக்கும் உயரமான ஈரப் புல்தான் பிடிக்கும்.

வெயில் காலத்தில்

டிசம்பரிலேயே தயாராகுங்கள். மிதிபட்டு இறுகிய இடங்களில் அலவாங்கால் 4 அங்குல ஆழத்துக்குக் குத்தி, சலித்த குப்பை உரத்தை மெல்லிசாகத் தூவுங்கள். காய்ந்த தரைக்கு யூரியா போட்டால் புல் எரிந்துவிடும்.

வரட்சி தொடங்கியதும் வெட்டுவதை நிறுத்துங்கள். தினமும் கொஞ்சம் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். கிழமைக்கு ஒரு தடவை, காலையில், ஆழமாக ஊற்றுங்கள். ஒரு சதுர மீற்றருக்கு 25 லீற்றர் வரை தேவை. இவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? குடிதண்ணீரை இதற்குத் தொடவே கூடாது. அரிசி கழுவிய தண்ணியும், துணியைக் கடைசியாக அலசிய தண்ணியும் போதும். அதையும் முற்றம் முழுக்க ஊற்ற வேண்டாம். மண் கரையும் ஓரத்துக்கு மட்டும் ஊற்றுங்கள்.

அதுவும் இல்லையா? விட்டுவிடுங்கள். பழுத்துப்போன புல் செத்த புல் அல்ல. அடியைக் கிள்ளிப் பாருங்கள். வெள்ளையாக அல்லது பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. "காஞ்சு போச்சே" என்று சுரண்டி போட்டுவிட்டால்தான் உண்மையில் செத்துப்போகும்.

மழை காலத்தில்

மழை நாட்களில் வட்ட வட்டமாகப் புல் பழுத்தால் பெரும்பாலும் பூஞ்சணம். காய்ந்த சருகை வாரி எடுத்து, காற்றுப் பட விடுங்கள். மாலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சிரட்டையும் டின்னும் புல்லுக்குள் கிடந்தால் டெங்கு நுளம்பு பெருகும், பொறுக்கிவிடுங்கள். மலைக்கு அடித்து மிஞ்சிய புல்லு மருந்தை வாசலுக்குக் கொண்டுவரவே கூடாது. பிள்ளைகள் தவழும் இடம் அது.

வீட்டுப் பாடம்

அடுத்த மழையின்போது ஒரு கண்ணாடிப் போத்தலில் உங்கள் வாசல் கான் தண்ணியைப் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் அடியில் எத்தனை விரல் மண் தங்கியிருக்கிறது என்று பிள்ளைகளை அளக்கச் சொல்லுங்கள். புல் நட்டு ஒரு வருஷம் கழித்து, அதே மாதிரி ஒரு மழையில் திரும்பவும் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு கணக்கையும் சுவரில் எழுதி வைத்தால் பக்கத்துக் காம்பராக்காரரும் தானாக நடத் தொடங்குவார்.